கெலாங் பாத்தா பக்கம்

இந்தக் காலத்து ஆட்களுக்குச் செங்குத்தாக ஏதாவது நின்றால் போதும், கயிற்றைக் கட்டிவிடுவார்கள். அது யாருடையது, எதற்காக நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. காதில் பொத்தானைச் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே சாவு வீட்டுக்குக் கூடாரம் போடுகிறார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களும் அப்படித்தான். செருப்பைக் கழற்றும் முன்பே வைஃபை பாஸ்வேர்ட் என்ன என்கிறார்கள்.

லெட்சுமணன், தம்பி வீட்டுப் பக்கச் சந்துக்குள் நுழைந்தபோது, கூடாரக்காரன் ஏரியல் குழாயில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். இழுத்த இழுப்பில் குழாயே திரும்பி, உச்சியிலிருந்த ஏரியல் புலாய் மலையைப் பார்த்தபடி நின்றது.

"அதை அவுரு தம்பி."

"காத்து அடிச்சா கூடாரத்தத் தூக்கிரும் அங்கிள். இங்க இதுதான் கெட்டியா இருக்கு."

"கெட்டியாத்தான் இருக்கும். நான் பாசாங் பண்ணி நிறுத்தினது. அவுரு."

கூடாரக்காரன் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான்.

குழாயில் ஒரு சிவப்புக் கோடு. அதைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பில் இன்னொரு சிவப்புக் கோடு. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் ஏரியல் கெலாங் பாத்தா பக்கம் பார்க்கும். கெலாங் பாத்தாவுக்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் சிங்கப்பூர். லெட்சுமணன் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து மெல்லத் திருப்பினார். தம்பி மகேஸ்வரன் இறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொந்தியான் ஆஸ்பத்திரிக்குப் போனவன், அறுபத்தெட்டு வயசு, இப்போது கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவனுக்கு இனிமேல் செய்வதற்கு எதுவும் இல்லை. இந்தக் குழாயையாவது அவன் விட்ட இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

கோடும் கோடும் சேர்ந்தன.

சன்னலுக்கு உள்ளே ஒரு பெண் பேசினாள்.

"...தீவின் மேற்குப் பகுதிகளில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம். அதிகபட்ச வெப்பநிலை முப்பத்து மூன்று..."

நிறுத்தி, நிதானமாகப் பேசுகிற தமிழ். சிங்கப்பூர்ச் செய்தித் தமிழ். யாரோ கைப்பேசியில் போடுகிறார்கள் என்றுதான் முதலில் எண்ணினார். குழாயை ஒரு விரற்கடை அந்தப் பக்கம் திருப்பினார். பெண்ணின் குரல் துண்டு துண்டாகக் கிழிந்து நின்றது. கோட்டுக்குத் திருப்பினார். குரல் வந்தது. எதையும் ஒரே தடவையில் நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. மறுபடியும் திருப்பிப் பார்த்தார். போனது. வந்தது.

குழாயிலிருந்து கையை எடுத்தார்.

கம்ப்யூட்டரில் டிவி காட்டும் என்ற அந்தப் பாழாய்ப்போன குச்சி வேலை செய்யாது. எட்டு மாதமாக வேலை செய்யவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் மகேஸ்வரன் அதை வாங்கி வந்தான். கட்டைவிரல் அளவுதான். ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும், மறுமுனையில் ஏரியல் வயர். சிங்கப்பூர்க்காரன் பழைய ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியதிலிருந்து இந்த வீட்டில் அந்தத் தமிழ்ச் செய்தி கிடையாது. அது இல்லாமல் லெட்சுமணனுக்குச் சாயங்காலம் சாயங்காலமாக இல்லை. கூரையில் சாட்டிலைட் தட்டு வைத்துக் கொடுக்கிறவனை அவர் நம்பவில்லை. மழை வந்தால் படத்தை நிறுத்திவிடுகிறவன், மழையைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறான்.

தம்பியின் கம்ப்யூட்டரையும் அவர் நம்பியதில்லை. எல்லோரும் வைத்திருப்பது அதில் இல்லை. பென்குயின் படம் போட்ட வேறொன்று, லினக்ஸ் என்று பெயர். உலகம் பூராவும் ஆட்கள் சேர்ந்து எழுதிச் சும்மா கொடுக்கிறார்களாம்.

"சும்மா குடுக்கிறவன் எதுக்குடா குடுக்கிறான்?"

"குடுக்கணும்னு குடுக்கிறான்ணே."

"அப்படி எவனும் இல்ல."

செல்போன் கடை சுப்ஹான் பாய் முதலில் கொடுத்த குச்சி பழைய ஒளிபரப்புக்கு மட்டும் ஆனது. மாற்றிக் கொடுத்தான். இரண்டாவது குச்சியின் பெட்டியில் எழுதியிருந்த சிப் ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. "பெட்டிய மாத்தாம உள்ள இருக்கிறத மாத்திட்டான்ணே, செஞ்சவன்" என்றான் மகேஸ்வரன். அந்தச் சிப்புக்கு ஊட்ட ஒரு சின்னக் கோப்பு வேண்டுமாம். அது இல்லையென்றால் குச்சி வந்திருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஆனால் குச்சி வாயைத் திறக்காதாம். கோப்பைக் கேட்டு எங்கெங்கோ எழுதிப் போட்டான். போலந்தில் யாரோ ஒருவன் அனுப்பி வைத்தான். அதுவும் சரிப்படவில்லை என்றான்.

ஆகவே தினமும் ஆறு மணிக்கு, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டிலிருந்து லெட்சுமணன் நடந்து வந்து இந்தச் சந்தில் நிற்பார். உள்ளே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் எறும்பு வரிசையாக ஏறும். கண்ணாடிப் பட்டைச் சன்னல் வழியாக மகேஸ்வரன் சொல்வான், "கொஞ்சம் எடது பக்கம்ணே." திருப்புவார்.

"என்னா போட்டிருக்கு?"

"சிக்னல் இல்லன்னு போட்டிருக்கு."

நேற்றும் இதே சந்தில்தான் நின்றார். "இன்னிக்குப் போதும்ணே, நெஞ்சு கரிக்குது. நாளைக்குப் பாப்போம்" என்றான்.

அவன் படித்துச் சொன்னதை அவர் நம்பினார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். மலாய், பேச்சோடு சரி. அன்னாசி ஆலையில் வேலை பார்த்தபோது மேற்பார்வையாளன் ஒருவன் லீவுத் தாள் என்று நீட்டியதில் கையெழுத்துப் போட்டார். அது, தானாகவே வேலையை விட்டுப் போகிறேன் என்கிற கடிதம். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த எந்தக் காகிதமும் மகேஸ்வரன் படித்துக் காட்டாமல் மடிக்கப்பட்டதில்லை. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தவன் அவன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் படிப்பான். இந்த ஊரில் லெட்சுமணன் நம்பிய ஆள் அவன் ஒருவன்தான்.

சன்னலுக்குள் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மகேஸ்வரனின் ஒரே மகள் சாந்தினி கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் வைக்க அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்று வந்தவள். பெரியப்பாவைப் பார்த்ததும் சத்தத்தை அணைத்தாள். திரையில் அந்தப் பெண்ணின் வாய் மட்டும் அசைந்தது.

"தொட்டதும் தானா வந்திருச்சு பெரியப்பா. அப்பா நேத்து மூடாமலே போயிருக்காரு."

"இது வேலை செய்யுதா?"

அவள் படத்தைத் தேடுகிறவள்போல் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கிறேன் சாந்தினி. எப்பலேருந்து?"

"பொங்கலுக்கு வந்தப்ப அப்பா காட்டினாரு."

"போலந்துக்காரன் குடுத்த கோப்பு?"

"அதுதான் சரியா இருந்துச்சு. போட்ட அன்னிக்கே எல்லா சேனலும் வந்திருச்சுன்னாரு."

பொங்கல் முடிந்து ஆறு மாதம். லெட்சுமணன் சன்னலைப் பார்த்தார். உள்ளேயிருந்து பார்த்தால் குழாயும், அதைப் பிடிக்கிற ஆளின் கைகளும் மட்டும்தான் தெரியும். முகம் தெரியாது.

"அப்ப நான் தினம் வெளிய நின்னு எதைத் திருப்பினேன்?"

"நீங்க வர்ற நேரத்துக்கு அப்பா வயரக் கழட்டி வச்சிருவாரு." கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருந்த வயரை விரலால் காட்டினாள். "நீங்க போனப்புறம் மாட்டிக்குவாரு. நியூஸ் ரெக்கார்ட் பண்ணியிருக்காரு பெரியப்பா. ஒரு நாளும் விடல. எல்லாம் உங்களுக்குத்தான்னு சொன்னாரு. ஒரு நாளைக்கு மொத்தமாப் போட்டுக் காட்டுவேன்னாரு."

"எந்த நாளைக்கு?"

திரை திடீரென்று கட்டம் கட்டமாக உடைந்து கறுத்தது. சந்தில் கூடாரக்காரன் மறுபடியும் கயிற்றைக் கட்டிவிட்டான். இந்த முறை லெட்சுமணன் சத்தம் போடவில்லை.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். உறுமிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் போத்தல் அட்டைப்பெட்டிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு சுப்ஹான் பாய் வந்தான். பெட்டிகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, லெட்சுமணன் இருக்கிற பக்கம் பார்க்காமல் ஓரமாக நின்றான். பார்க்காததற்குக் காரணம் இருந்தது. பிப்ரவரி மாதம் லெட்சுமணன் அவன் கடைக்குப் போய், ஆட்கள் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து, திருட்டுப் பயல் கடை, செத்த குச்சியை விற்று என் தம்பியை அலைக்கழிக்கிறான் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்திருந்தார். சுப்ஹான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதனாலேயே அவன் திருடன் என்பது அவருக்கு உறுதியானது. தப்புச் செய்யாதவன் வாயை மூடிக்கொண்டு நிற்பானா.

"பாய். இங்க வந்து உக்காரு."

சுப்ஹான் தயங்கி வந்தான். நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான்.

"நீ வித்த குச்சி வேலை செய்யுது."

"தெரியும்ணே."

லெட்சுமணன் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கத்திட்டுப் போன அன்னிக்குச் சாயந்தரமே உங்க தம்பி கடைக்கு வந்தாரு. கையப் புடிச்சிக்கிட்டாரு. மன்னிச்சிருங்க பாய், அது பொங்கல்லேருந்தே ஓடுது, அண்ணன்கிட்ட நான்தான் சொல்லலன்னாரு."

"நீ ஏன் சொல்லல?"

"சொல்ல வேணாம்னாரு."

"ஊரு முன்னாடி உன்னைத் திருடன்னேன். அப்படியே வச்சிக்கிட்டியா?"

"வச்சிக்கிட்டேன்." சுப்ஹான் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ரெண்டு மூணு பேரு ஃபோன் ரிப்பேருக்கு வரல. அவ்வளவுதான் லா."

கெட்டவன் ஏமாற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று லெட்சுமணனுக்குத் தெரியும். கத்தலாம், காறித் துப்பலாம், அந்தத் தெருவில் நடக்காமல் இருக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நீயும் கூட்டா. அவன் மகளும் கூட்டு. இன்னும் யாரு யாருக்குத் தெரியும்?"

"வேற யாருக்கும் தெரியாதுண்ணே."

"எதுக்காம்? காரணம் சொன்னானா?"

சுப்ஹான் கூடத்துக்குள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். அனுமதி கேட்கிறவன்போல இருந்தது. "டிவி ஓடினா அண்ணன் பேச மாட்டாரு பாய்னாரு. முப்பது வருசம் பக்கத்துல பக்கத்துல உக்காந்து நியூஸ் பாத்தோம், ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்ப பைப்பத் திருப்பிக்கிட்டே என்னென்னமோ பேசறாரு. படம் வந்திருச்சுன்னு சொன்னா அதோட நின்னுரும்னாரு."

அது பொய் இல்லை. செய்தி ஓடும்போது யாராவது இருமினால்கூட லெட்சுமணன் கையை உயர்த்துவார். சந்தில் நின்றால் வேறு வேலை இல்லை. முன்னால் சுவர்தான் இருக்கும். சுவரைப் பார்த்துப் பேசினார். ஆலையில் அன்னாசித் தோல் சீவிச் சீவி விரல் நுனியெல்லாம் தேய்ந்து போனதைச் சொன்னார். பெண்டாட்டி கண்மூடிய அன்றைக்குத் தான் பக்கத்தில் இல்லாததைச் சொன்னார். மே மாதம் ஒரு நாள், எதிலிருந்து ஆரம்பித்தது என்று நினைவில்லை, இதைச் சொல்லிவிட்டார்:

"எனக்குப் படிப்பு ஏறல, அதான் நின்னுட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். அப்படி இல்லடா. ஒருத்தனைத்தான் அனுப்ப முடியும், ஒருத்தன் அம்மாவோட புல்லு வெட்டப் போகணும்னு அப்பா சொன்னாரு. யாரு நிக்கிறீங்கன்னு கேட்டாரு. நீ தூங்கிக்கிட்டு இருந்தே. நான் நின்னுட்டேன்."

சன்னலுக்கு உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். பிறகு குரல் வந்தது. "கொஞ்சம் எடது பக்கம்ணே." திருப்பினார்.

அன்றைக்கும் வயர் கழற்றித்தான் கிடந்திருக்கிறது. இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. அறுபது வருசமாக யாரிடமும் கொடுக்காததை ஒரு பொய்க்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"பேசணும்னா, 'பேசுண்ணே'ன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன ஊமையா?"

"சொன்னா பேசியிருப்பீங்களாண்ணே?"

லெட்சுமணன் எழுந்துவிட்டார்.

பகல் ஒரு மணிக்கு உறுமி ஓங்கியது. கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். வாய்க்கரிசித் தட்டைச் சாந்தினி ஏந்திக்கொண்டு நின்றாள். சொந்தக்காரர்கள் வரிசையாகப் போட்டு நகர்ந்தார்கள். மூத்தவர் மட்டும் வாசல் தூணோடு நின்றார். சாந்தினியின் கணவன் மதிவாணன் வந்து கூப்பிட்டான்.

"பெரிய மாமா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

"காத்திருக்கட்டும்."

"வண்டி ரெண்டு மணிக்கு மின்சுடலையில இருக்கணும் மாமா. டைம் குடுத்திருக்காங்க."

எரிப்பதற்குக்கூட டைம். அவர் உள்ளே போனார். தட்டில் கை வைக்கவில்லை. சாந்தினியைப் பார்த்துப் பேசினார், ஆனால் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"என் வீட்டுல ஒரு பிஸ்கட் டின்னு இருக்கு. நாப்பது வருசத்துக் கடுதாசி. ஆஸ்பத்திரிக் கடுதாசி, வீட்டுக் கடுதாசி, கவர்மெண்டுக் கடுதாசி எல்லாம் இவன் படிச்சுச் சொன்னது. இவன் கை காட்டின எடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுல என்னா போட்டிருந்துச்சு?"

"பெரியப்பா, அதுல எல்லாம் அப்பா அப்படிச் செய்வாரா?"

"செய்யலன்னு யாரு சொல்றது?"

"நான் வந்து ஒண்ணொண்ணாப் படிச்சுக் காட்டறேன்."

"நீ அவன் மக."

கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அதைத் தாழ்த்திக்கொண்டாள். உறுமிக்காரர்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள்.

லெட்சுமணன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்தின பள்ளம் இருந்தது. எல்லாவற்றையும் படித்த முகம். அவர் குனிந்த வாக்கிலேயே நின்றார். மதிவாணன் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தான். மறுமுறை பார்க்கவில்லை.

பிறகு கையை நீட்டினார். சாந்தினி தட்டைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அரிசியை எடுத்துத் தம்பியின் வாயில் போட்டார். மூன்று தரம். கையில் மிஞ்சியதை உதறாமல் விரல்களை மூடிக்கொண்டார்.

வண்டியின் முன்சீட்டை அவருக்காகக் காலியாக வைத்திருந்தார்கள். "நீங்க போங்க" என்றார். சாந்தினி ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்ஹான் தன் காடியின் கதவைத் திறந்தவன், மூடிவிட்டு அவரிடம் வந்தான்.

"அண்ணே, உங்களை ஏமாத்தணும்னு அவரு செய்யல."

"ஏமாத்தறவன் எவனும் ஏமாத்தறேன்னு சொல்லிட்டுச் செய்யறதில்ல பாய்."

"கோவத்த விடுங்கண்ணே."

"நாளைக்குக் கடைக்கு வரேன். கூட்டம் இருக்கிற நேரமா வரேன். அன்னிக்கு நின்ன எடத்துலயே நின்னு, நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"ஐயோ, அதெல்லாம் வேணாம்ணே."

"உனக்காக இல்ல" என்றார் லெட்சுமணன். "நான் பொய் சொன்னதா இருக்கக் கூடாது."

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போயின. தெருவில் பூ உதிர்ந்து கிடந்தது. யாரோ வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார்கள். அதற்குள் கூடாரக்காரர்கள் கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குப் பெக்கான் நானாஸ் கோயில் பக்கம் நிச்சயதார்த்தமாம், இதே கூடாரம்தானாம். லெட்சுமணன் வீட்டுக்குள் போகவில்லை. பக்கச் சந்தின் வாயைக் கடந்து தெருவுக்கு நடந்தார்.

"அங்கிள்."

காலையில் சண்டை போட்டவன். குழாயிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு அதைப் பிடித்தபடி நின்றான். காதில் இப்போது பொத்தான் இல்லை. ஏரியல் புலாய் மலைக்கும் வடக்கே எங்கேயோ பார்த்தது.

"இது எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு? அப்புறம் நீங்க மறுபடி ஏசுவீங்க."

"எந்தப் பக்கம் பாத்தா என்னா. பாக்கறதுக்கு ஆளில்ல."

நடந்தார். 'பேசுண்ணே' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்கு அவனுக்கு என்ன கேடு. முப்பது வருசம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா. பேசுவதற்காக ஒருவன் ஆறு மாதம் பொய் சொல்வானாம், அதை இவர்கள் சொல்ல, நான் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். சாக்கடைப் பலகையைத் தாண்டும்போது, திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"சிவப்புக் கோடு ரெண்டு இருக்கும் பாரு. கெலாங் பாத்தா பக்கம்."

பின்னால் குழாய் கிளாம்பில் உரசும் சத்தம் கேட்டது. கோட்டைத் தாண்டித் திருப்பிவிட்டான் என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. அவர் நிற்கவில்லை. மூடிய கைக்குள் அரிசி வேர்த்துக்கொண்டிருந்தது.